அம்மா பங்கு போட்ட பொடி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெர்த்திலிருந்து கூப்பிட்டு, "அப்பா, வீடு ரெடி. அம்மாவுக்குக் கீழ் ரூம், படி ஏற வேணாம். ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுடவா? இனிமே இங்கேயே இருந்துடுங்க" என்று கேட்டாய். நான் "சரி" என்றேன். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். நேரில் பேசினால் நீ இரண்டு காரணம் சொல்வாய், நான் மறுபடியும் சரி என்றுவிடுவேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. அரசாங்க ஆய்வுக்கூடத்தில் குடிதண்ணீரைச் சோதித்தே ஓய்வு பெற்றவன். ஒரு குப்பித் தண்ணீர் சுத்தமானது என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் திரும்பத் திரும்பச் சோதிப்பேன். ஆனால் எதிரில் இருப்பவர் எதைக் கேட்டாலும் முதல் தடவையிலேயே தலையை ஆட்டிவிடுவேன். இந்தக் கடிதத்தைக்கூட இரண்டு முறை எழுதிக் கிழித்தாயிற்று.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லும்போது நீ என்னைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டாய். அம்மாவுக்கு மறதி வருகிறது என்பதை முதலில் வாய்விட்டுச் சொன்னவன் நீ. கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது, பேரன் பள்ளிக்கூடம் போகிறானா என்று அம்மா கேட்டாள். நீ சொன்னாய். சற்று நேரத்தில் மறுபடியும் கேட்டாள். மூன்றாவது முறை அவள் வாயைத் திறந்ததுமே நான் பக்கத்திலிருந்து "போறான், போறான், கிண்டர்கார்டன்" என்று முந்திக்கொண்டேன். அன்று மாலை நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு அதைச் சொன்னாய். "வயசாச்சு தம்பி, வேற என்னலா" என்று நான் மழுப்பினேன். எனக்குத் தெரிந்தே இருந்தது. ஒரே குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போடுவாள். பேச்சின் நடுவில் ஒரு சொல் கிடைக்காமல் நிற்பாள், நான் எடுத்துக் கொடுப்பேன், அவள் தலையாட்டுவாள். எனக்கு அதை ஒப்புக்கொள்ளத் துணிவில்லை. நீ விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வைத்தாய். அங்கே அவளிடம் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்கள். எண்களையெல்லாம் ஒரே பக்கமாக நெருக்கிப் போட்டுவிட்டு, மறுபாதி வெறுமையாக இருந்ததைப் பார்த்து, "ஏதோ தப்பா இருக்கு, என்னன்னு தெரியல" என்று சொன்னாள். இது இன்னும் நோய் என்று சொல்லும் கட்டத்துக்கு வரவில்லை, நினைவு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அப்படியே நிற்கலாம், கூடவும் செய்யலாம் என்றார் டாக்டர். என்ன செய்வது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தபோது, இங்கே கெலுகோரில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் மறதி தொடங்கிய வயதான பெண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று அங்கிருந்தே தேடிக் கண்டுபிடித்துச் சொன்னவனும் நீதான்.

அந்த ஆராய்ச்சியைப் பற்றி உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். தயிரில் இருப்பது மாதிரியான நல்ல நுண்ணுயிர்களைப் பொடியாக்கிச் சின்னப் பாக்கெட்டுகளில் கொடுப்பார்கள். தினமும் காலையில் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். குடலும் மூளையும் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்கின்றன, மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் உடம்பில் அந்தப் போக்குவரத்து எப்படி மாறுகிறது என்று பார்க்கிறோம் என்று அந்த இளம் டாக்டர் எனக்கு விளக்கினாள். தர்ஷினி என்று பெயர், உன்னைவிடச் சின்னவள். அம்மாவின் கூட்டத்தில் எல்லாரும் அவளை டாக்டர் பொண்ணு என்றுதான் சொல்வார்கள். பாதிப் பேருக்கு நுண்ணுயிர்ப் பொடி, மீதிப் பேருக்குப் பார்வைக்கும் ருசிக்கும் அதே மாதிரியான வெறும் மாவு. யாருக்கு எது என்பது ஆராய்ச்சி முடியும்வரை குடிப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. நானும் ஆய்வுக்கூடத்துக்காரன் ஆனதால் அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. அதோடு புதன்கிழமைதோறும் எல்லாரும் கூடி உட்கார்ந்து பேச வேண்டும், பாட வேண்டும், ஒரு படத்தைப் பார்த்துக் கதை சொல்ல வேண்டும், கறிக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று நினைவிலிருந்து சொல்லி விளையாட வேண்டும். அதையும் ஒரு சிகிச்சை என்றார்கள். உண்மையைச் சொன்னால், பொடியைத்தான் நான் மருந்தாக நினைத்தேன். பேச்சு விளையாட்டெல்லாம் பெண்களை வரவழைக்க ஒரு சாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் புதன்கிழமை நான் அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் பொண்ணு அவளிடம் ஊர் கேட்டாள், நான் சொன்னேன். எங்கே வேலை செய்தீங்க என்று கேட்டாள், அதற்கும் நான்தான் சொன்னேன். மூன்றாவது கேள்விக்கு நான் வாயைத் திறந்ததும் பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெரிய உடம்புக்காரம்மா, "அண்ணே, பரீட்சை உங்களுக்கா அவங்களுக்கா?" என்று சத்தமாகக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவர்தான் ராஜேஸ் அக்கா. ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் பொண்ணு மட்டும் சிரிக்காமல், "அங்கிள், துணைக்கு வர்றவங்க வெளிய உக்காரணும். அதுதான் ரூல்" என்றாள். நான் தாழ்வாரத்துக்குப் போனேன். ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

அந்த நாற்காலிக்கு நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன். முதலில் சில வாரங்கள் உள்ளே அம்மாவின் குரல் கேட்கவே இல்லை. ராஜேஸ் அக்காவின் குரல் கேட்கும், மேரி என்று இன்னொருவர், அவருடைய இருமல் கேட்கும். பிறகு ஒரு நாள் யாரோ மீன்கறிக்குப் புளிக்குப் பதில் தக்காளி என்று சொல்லியிருக்க வேண்டும், "தக்காளி போட்டா அது மீன்கறியா, சாப்பாட்டுக் கடை குழம்பா?" என்று ஒரு குரல் சுள்ளென்று கேட்டது. உள்ளே ஒரே சிரிப்பு. யார் அது என்று யோசித்தேன் தம்பி. சத்தியமாக யோசித்தேன். அது அம்மா. அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. வீட்டில் அவள் ஒரு சொல்லுக்காக நிற்கும்போதெல்லாம் நான் அதை எடுத்துக் கொடுத்தேன். உதவி என்று நினைத்துச் செய்தேன். அவள் மெல்ல மெல்லத் தேடுவதையே விட்டுவிட்டாள் என்பது, சாத்திய கதவுக்கு வெளியே உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இனிச் சொல்லப்போவதை உன்னிடம் மறைத்து வைத்திருந்தேன். பாக்கெட்டுகளின் ஓரத்தில் பொடி எழுத்தில் அவரவருக்கென்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். பெட்டிமேலும் அதே எண் இருக்கும். ஒரு காலை கரைப்பதற்கு முன் வழக்கம்போல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எண் வேறாக இருந்தது. அடுத்ததை எடுத்தேன், அது இன்னொரு எண். அம்மாவைக் கூப்பிட்டேன்.

"சரோ, இது நம்ம பாக்கெட் இல்லையே."

"எல்லாம் நம்ம பாக்கெட்தான்."

"நம்பர் வேறயா இருக்கு. யாரோடது இது?"

"மேரியோடதா இருக்கும். இல்லாட்டி ராஜேஸ் அக்காவோடது. நாங்க கலந்துட்டோம்."

"கலந்துட்டீங்களா?"

"பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவுன்னு அந்தப் பொண்ணுதானே சொல்லுச்சு? ராஜேஸ் அக்கா அழுதுட்டாங்க. 'என் தலையெழுத்துக்கு எனக்கு மாவுதான்லா வந்திருக்கும்'னு. பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. அடுத்த வாரம் எல்லாரும் பெட்டியை எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன், முந்தின நாள் போன்லயும் ஞாபகப்படுத்தினேன். பொண்ணு டீ எடுக்கப் போன நேரம் பாத்து, பாக்கெட்டையெல்லாம் பிஸ்கட் டின்ல கொட்டிக் கலக்கி, ஆளுக்கு இவ்வளவுன்னு பங்கு போட்டுட்டேன். இப்ப எல்லாருக்கும் கொஞ்சம் மருந்து போகும். வெறும் மாவு யாருக்கும் இல்ல."

நான் சமையலறை முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஓர் ஆராய்ச்சியை இதைவிட முழுமையாகக் கெடுக்க முடியாது. அதை அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன், ஆனால் மனதில் ஓடியது வேறு. அடுப்பை அணைத்தோமா என்று வாசல்வரை போய்த் திரும்பி வருகிறவள், ஒரு வாரம் முன்னாடியே திட்டம் போட்டிருக்கிறாள். முந்தின நாள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு நினைவுபடுத்தியிருக்கிறாள். மறதிக்காரர்கள் அத்தனை பேரும் பெட்டியை மறக்காமல் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு படித்த டாக்டரிடமும் கூடவே வாழும் என்னிடமும் மூச்சு விடாமல் மறைத்திருக்கிறாள். கோபப்படுவதா கையெடுத்துக் கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா, அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்த காலம்? பெருநாள் வந்தால் எல்லாருக்கும் ஒரே நாளில் லீவு வேண்டும், லைன் ஓடவும் வேண்டும். மேலதிகாரி சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார். அம்மா வேண்டாம் என்றுவிட்டு, மலாய்க்காரர்களின் ஹரி ராயாவுக்குத் தமிழ்ப் பெண்களும் சீனப் பெண்களும் வேலைக்கு வருவது, தீபாவளிக்கு மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் வருவது, சீனப் பெருநாளுக்குச் சீனப் பெண்களை விட்டுவிட்டு மற்ற இரு இனத்தவரும் வருவது என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடித்தாள். ஒரு தீபாவளிக்கு நீயும் நானும் முறுக்கு டின்னோடு தொழிற்சாலை வாசலில் நின்றோம். உள்ளே வேலையில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிடச் சொல்லி அவள்தான் நம்மை அனுப்பியிருந்தாள். குலுக்கலில் ஒருத்திக்கு எல்லாம் கிடைக்கும், ஒருத்திக்கு ஒன்றும் கிடைக்காது என்பது அவளுக்கு அன்றைக்கும் பிடிக்காது. மறதி அவளிடமிருந்து எதை எதையோ எடுத்துக்கொண்டிருந்தாலும், இதைத் தொடவில்லை.

ஆனால் விஷயத்தை அப்படியே விட முடியாது. அந்த ஆராய்ச்சியின் முடிவை நம்பி நாளைக்கு வேறு எங்கோ ஒரு பெண் ஒரு பொடியைக் குடிப்பாள், அல்லது குடிக்காமல் விடுவாள். சொல்லாமல் இருந்தால் பொய்க் கணக்கு. சொன்னால் கூட்டத்தையே கலைத்துவிடுவார்களோ, அம்மா மறுபடியும் தலையாட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவாளோ என்று பயம். ஒரு வாரம் இப்படியே ஓடியது. புதன்கிழமை பஸ்ஸில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். டாக்டர் பொண்ணு எதிரே வந்து நின்றதும் என் வாயிலிருந்து வந்தது, "சாப்பிட்டீங்களா டாக்டர்?" என்பதுதான்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டாக்டர் பொண்ணு பக்கம் திரும்பினாள். "இந்தா பாரும்மா, இவரு மூஞ்சியப் பாத்தியா? ஒரு வாரமா இப்படித்தான். நான் ஒரு… ஒரு…" என்று நின்றாள். சொல் கிடைக்கவில்லை. எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டாக்டர் பொண்ணு அசையாமல் காத்திருந்தாள், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "ஒரு களவாணித்தனம் பண்ணிட்டேன்" என்று முடித்தாள் அம்மா. எல்லாவற்றையும் சொன்னாள். ஒருவர் பெயரையும் சொல்லாமல், நான்தான் செய்தேன் என்றே சொன்னாள்.

அந்தப் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "ஆன்ட்டி, டின் எவ்வளவு பெருசு?" என்று கேட்டாள். அம்மா கையை விரித்துக் காட்டினாள். அவள் சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனை மாத உழைப்பு அது, எனக்குத் தெரியும். "தப்பு என்னோடது ஆன்ட்டி. ஏன் அப்படிப் பிரிச்சுக் கொடுக்கிறோம்னு நான் உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லியிருக்கணும்" என்றாள். வயதில் இவ்வளவு சின்னவள், அந்த நேரத்தில் யாரையும் குறை சொல்லவில்லை. மேலே இருப்பவர்களிடம் அவளே போய்ச் சொன்னாள். இந்தக் குழுவின் பொடிக் கணக்கை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது, பொடியை நிறுத்த வேண்டும், ஆனால் புதன்கிழமைக் கூட்டம் கடைசிவரை நடக்கலாம் என்று முடிவானது. அதை அவள் உள்ளே போய் அறிவித்தாள். உடனே ராஜேஸ் அக்காவின் குரல்: "அலாமாக்! பொடி போனா போகட்டும். டீயை நிறுத்திடாதீங்க!"

பல்கலைக்கழகத்தில் கூட்டம் முடிந்துவிட்டது. இவர்கள் முடிக்கவில்லை. இப்போது கோயில் மண்டபத்தின் பின்னறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு புதன்கிழமைகளில் அங்கே கூடுகிறார்கள். டாக்டர் பொண்ணு நேரம் கிடைக்கும்போது வந்துபோகிறாள், சம்பளமில்லாமல். துணைக்கு வருகிறவர்கள் வெளியேதான் உட்கார வேண்டும் என்ற ரூல் அங்கேயும் இருக்கிறது. அதை ராஜேஸ் அக்கா பார்த்துக்கொள்கிறார்.

அம்மாவுக்குக் குணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை தம்பி. அப்படிச் சொல்ல எனக்கு ஆசை, ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன். கடைசியாக வரைந்த கடிகாரத்தில் எண்கள் வட்டம் முழுக்க வந்து உட்கார்ந்திருந்தன, முட்கள் மட்டும் தப்பு. போன வாரம் பாசாரில் மீனுக்குக் காசு கொடுத்துவிட்டு மீனை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். முன்பென்றால் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருப்பாள். இப்போது ராஜேஸ் அக்காவுக்குப் போன் போட்டு, "அக்கா, இன்னிக்கு எங்க வீட்டுல காசுக் குழம்பு" என்றாள். இது பொடியாலா, பேச்சாலா, அல்லது இந்த மறதி தானாகவே சற்று நின்று இளைப்பாறுகிறதா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை அவளே பிஸ்கட் டின்னில் போட்டுக் கலக்கிவிட்டாள். எங்கோ வேறு குழுக்களில் அந்தப் பொடி தன் வேலையைக் காட்டலாம், காட்டினால் நல்லது. நீ அங்கிருந்து அனுப்பிய நுண்ணுயிர் மாத்திரைக் குப்பியை அவள் சாமி மேடையில் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். திறக்கவில்லை. "பையன் அனுப்பினது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். அதைச் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்கிறேன். ஆனால் அந்தக் குப்பியை நீ தபாலில் அனுப்ப முடிந்தது. ராஜேஸ் அக்காவை நான் பெர்த்துக்குத் தபாலில் அனுப்ப முடியாது.

ஞாயிற்றுக்கிழமை போனை வைத்ததும் அம்மாவிடம் சொன்னேன், நாம் பெர்த்துக்குக் குடிபோகிறோம் என்று. துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவன் கேட்டான், நீங்க சரின்னீங்க. என்னைக் கேட்டது யாரு?" என்றாள். நானும் ஒரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அவளே மேலே பேசினாள். "பையன் மேல எனக்குக் கோபம் இல்ல. பேரனைத் தூக்கணும்னு கை துடிக்குது. ஆனா அங்க போயிட்டா நான் யார்கிட்டப் பேசுவேன்? நீங்க ரெண்டு பேரும் சேந்து எனக்காகப் பேசுவீங்க." அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நம் இரண்டு பேரின் அன்பும் அவளுக்கு எப்படித் தெரிகிறது என்பதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

மடித்த துணியை இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்துக்கொண்டே அவள் ஒரு முடிவும் சொன்னாள். பேரனுக்குப் பெரிய பள்ளி விடுமுறை வரும்போது நாங்கள் வந்து அது முடியும்வரை உங்களோடு இருப்பது. மிச்ச நாளெல்லாம் இங்கே. "அவனுக்கும் பங்கு, இவங்களுக்கும் பங்கு. யாருக்கும் வெறும் மாவு இல்ல." எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது, இந்தத் தடவை அவள் பங்கு போட்டது தன்னையே என்று.

நீ கட்டிவைத்த கீழ் அறைக்காக உன்னையும் மருமகளையும் நினைத்து நெஞ்சு நிறைந்திருக்கிறேன். பெற்ற பிள்ளை கேட்காமலேயே இப்படி அறை ஒதுக்கிவைப்பது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அந்த அறை வீணாகாது, விடுமுறைக்கு அதில்தான் படுப்போம். டிக்கெட் மட்டும் இப்போது போடாதே. இதைப் படித்து முடித்ததும் அம்மாவைக் கூப்பிடு. என் போனுக்கு வேண்டாம், அவள் போனுக்கு. இரண்டு ஊருக்கும் ஒரே மணிதான், சாயங்காலம் கூப்பிட்டால் வீட்டில் இருப்பாள். எங்கே இருக்க ஆசைப்படுகிறாய் என்று அவளிடமே கேள். பதில் நான் இங்கே எழுதியது மாதிரி இருக்கலாம், வேறு மாதிரியும் இருக்கலாம், அதை அவள்தான் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு சொல் கிடைக்காமல் அவள் நிற்பாள். சத்தமே வராது. லைன் போய்விட்டது என்று நினைத்துவிடாதே, என்னவென்று நீயாகச் சொல்லியும் கொடுக்காதே. காத்திரு. நான் பக்கத்து அறையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா